அவித்த கடலையா, பாதாமா, பீனட் பட்டரா? எடையைக் கவனிக்கும் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டு வீடுகளில் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுப் பலகாரத்துக்கும் நடுவே, மாலை நான்கு மணியளவில் காபியோடு வருவது இடைப்பலகாரம். எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லிவிட்டால் வீட்டில் முதலில் கேள்விக்கு உள்ளாவது இந்தத் தட்டுத்தான். வெள்ளைப் பணியாரத்தையும் சீயத்தையும் தேன்குழலையும் விசேஷ நாட்களுக்கு ஒதுக்கிவிடலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு, அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அதற்கு இன்று பல விடைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: தள்ளுவண்டியில் விற்கும் அவித்த கடலை, மணலில் வறுத்த கடலை, மளிகைக் கடை முந்திரி, மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வரும் உறவினர்கள் பெட்டியில் கொண்டுவரும் பாதாமும் பிஸ்தாவும், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் வாங்கி வைக்கும் பீனட் பட்டர். இவற்றில் எதை, எந்த அளவில், யார் எடுத்துக்கொள்வது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதாமா கடலையா என்ற கேள்விக்கு நாம் தேவைக்கு மேல் இடம் கொடுக்கிறோம். பருப்பை முழுதாக மென்று தின்கிறோமா, அரைத்து விழுங்குகிறோமா என்பதும், எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கிறோம் என்பதும்தான் எடையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அந்த வகையில் பார்த்தால், நம் ஊர்த் தெருவில் கிடைக்கும் ஓட்டோடு அவித்த கடலைக்கு ஈடான தேர்வு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அச்சத்துக்குக் காரணம் உண்டு

"கடலையில் கொழுப்பு அதிகம், எடை குறைக்கிறவர்கள் தொடவே கூடாது" என்று சொல்லும் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 100 கிராம் காய்ந்த நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழ 520 முதல் 570 கலோரி வரை இருக்கிறது. பாதாமில் 580, பிஸ்தாவில் 560, முந்திரியில் 550, அக்ரூட்டில் (வால்நட்) 650 என்று எல்லாமே அதே வரிசையில்தான் நிற்கின்றன. எண்ணெயில் பொரித்த முறுக்கிலும் தேன்குழலிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி என்று வைத்துக்கொண்டால், எடைக்கு எடை பார்க்கையில் பலகாரத்தைவிடப் பாதாம் சற்று கூடுதலாகவே கலோரி தருகிறது. ஆகவே தேன்குழல் இருந்த தட்டில் அதே அளவுக்குப் பாதாமை நிரப்பிவிட்டு எடை குறையும் என்று காத்திருப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

மறு பாதி உண்மை வேறு. அமெரிக்காவில் 1,20,000க்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உருளைக்கிழங்கு சிப்ஸை அதிகமாகத் தின்னத் தொடங்கியவர்களுக்கு எடை கூடியது. கொட்டைப் பருப்புகளை அதிகமாகத் தின்னத் தொடங்கியவர்களுக்கு நான்கு ஆண்டு இடைவெளியில் எடை சற்றே குறைவாக இருந்தது. ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரைக் கொண்டு நடந்த பிரெடிமெட் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அக்ரூட், பாதாம், ஹேசல்நட் மூன்றும் சேர்த்து நாளொன்றுக்கு 30 கிராம் கொடுக்கப்பட்டது. முதலில் 2013இல் வெளியான அந்த ஆய்வு, ஆட்களைப் பிரித்த முறையில் குறைகள் கண்டறியப்பட்டதால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்திய கணக்கோடு மீண்டும் வெளியானது. அத்தனை கொழுப்பு உள்ள பொருளை அன்றாடம் தின்றும் அவர்கள் பருத்துப்போகவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், 2,000 கலோரி உணவுத் திட்டத்தில் கொட்டைப் பருப்புகளுக்கும் எண்ணெய் விதைகளுக்கும் 35 கிராம் இடம் ஒதுக்குகிறது. சமையல் எண்ணெய்க்கு அது ஒதுக்குவது 27 கிராம் மட்டுமே. எண்ணெய்ச் சட்டி அடிக்கடி அடுப்பேறும் நம் வீடுகளில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முழுப் பருப்பு, பட்டர், எண்ணெய்

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றிய ஆய்வு 1980இல் வெளியானது. ஒரே நிலக்கடலையை முழுப் பருப்பாக, பீனட் பட்டராக, கடலை எண்ணெயாக என மூன்று வடிவங்களில் கொடுத்து, உண்ட கொழுப்பில் எவ்வளவு உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறுகிறது என்று அதில் அளந்தார்கள். முழுக் கடலை தின்றபோது 17.8 சதவீதக் கொழுப்பு வெளியேறியது. பீனட் பட்டரில் அது 7 சதவீதமாகவும், எண்ணெயில் 4.5 சதவீதமாகவும் இருந்தது. காரணம் எளிது. கடலையின் கொழுப்பு நுண்ணிய அறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அறைகளின் சுவரை நம் குடலால் செரிக்க முடியாது. பல் உடைத்த அறைகளிலிருந்து மட்டும்தான் கொழுப்பு வெளியே வருகிறது, பல்லுக்குத் தப்பிய துணுக்குகள் கொழுப்பைச் சுமந்துகொண்டே வெளியேறிவிடுகின்றன. மிக்ஸியோ ஆலை இயந்திரமோ அரைக்கும்போது ஏறக்குறைய எல்லா அறைகளும் உடைந்துவிடுகின்றன. செக்கில் ஆட்டினால் அறையும் இல்லை, சுவரும் இல்லை.

அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் பின்னர் இதே கேள்வியை மற்றப் பருப்புகளில் அளந்தார்கள். 28 கிராம் பாதாமில் 170 கலோரி என்று வழக்கமான கணக்கு சொல்கையில் உடலுக்குக் கிடைத்தது 129 என்று 2012இல் கண்டார்கள். அக்ரூட்டில் 185க்குப் பதில் 146, முந்திரியில் 163க்குப் பதில் 137. பிஸ்தாவில் மட்டும் வேறுபாடு மிகச் சிறிது. 2016இல் பாதாமையே பல வடிவங்களில் கொடுத்துப் பார்த்தபோது, வறுக்காத முழுப் பாதாமில் கணக்கைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாகவும், வறுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவும் கலோரி கிடைத்தது. பாதாம் பட்டரில் எந்தக் குறைவும் இல்லை. இவற்றில் பாதாம், அக்ரூட் ஆய்வுகளுக்கு அந்தந்தப் பயிர் சார்ந்த அமைப்புகளின் பண உதவியும் இருந்தது என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆனாலும், அரைத்தால் முழுக் கலோரியும் கிடைக்கிறது என்ற முடிவு பட்டர் விற்பவர்களுக்குச் சாதகமான ஒன்றல்ல என்பதால் அதை நான் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "முழுதாகத் தின்றால் கலோரி சேராது" என்று இதைத் திரித்துச் சொல்லும் காணொளிகள் உலவுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிராம் கடலையில் ஏறத்தாழ 14 கிராம் கொழுப்பு இருக்கும். முழுக் கடலைக்கும் பட்டருக்கும் இடையே உள்ள 11 சதவீத வேறுபாடு ஒன்றரை கிராம் கொழுப்புக்குத்தான் சமம், அதாவது 14 கலோரி. பாதாமில் இது 40 கலோரி வரை போகலாம். அன்றாடம் சேர்ந்துவரும்போது இது பொருட்படுத்தத் தக்கதுதான், ஆனால் முழுப் பருப்பைத் தேர்ந்தெடுக்க இது மட்டுமே காரணமாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

பெரிய காரணம், தின்பதற்கு ஆகும் நேரம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கு ஒரு நாள் ஓட்டோடும் இன்னொரு நாள் ஓடு நீக்கியும் பிஸ்தாவைக் கொடுத்து, அவர்களே வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஓடு நீக்கியதில் சராசரியாக 211 கலோரி தின்றவர்கள், ஓட்டோடு கொடுத்தபோது 125 கலோரியோடு நிறுத்திக்கொண்டார்கள். நிறைவில் வேறுபாடு எதுவும் சொல்லவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் ஓட்டை உடைத்து, உள்ளே பார்த்து, தோலை ஊதித் தின்னும் கடலைக்கும் கரண்டியால் வழித்து நாக்கில் வைக்கும் பட்டருக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் பார்த்த எவருக்கும் இந்த முடிவு வியப்பைத் தராது. கைக்கும் பல்லுக்கும் வேலை வைக்கும் உணவு, போதும் என்று வயிறு சொல்வதற்கு நேரம் கொடுக்கிறது.

அவித்த கடலைக்கு ஏன் முதலிடம்

காய்ந்த கடலையை வறுத்தால் இருக்கிற நீரும் போய்விடுகிறது; அவித்தால் நீர் ஏறுகிறது. அவித்த கடலைப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 320 கலோரியும் 13 கிராம் புரதமும் இருக்கின்றன. அதாவது 50 கிராம் அவித்த பருப்பும் 28 கிராம் வறுத்த பருப்பும் கலோரியில் ஏறக்குறைய சமம், புரதத்திலும் சமம். கைக்கும் கண்ணுக்கும் வயிற்றுக்கும் தெரியும் அளவோ ஏறத்தாழ இரு மடங்கு. எடை குறைப்பவருக்குப் பசியைவிடத் தட்டு வெறுமையாகத் தெரிவதுதான் பல நேரங்களில் தாங்க முடியாததாக இருக்கிறது. அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

நம் பகுதிக்கு இது தொலைவிலிருந்து வரவேண்டிய பொருளும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கங்களில் நிலக்கடலை பெரும் சாகுபடி. ஆடிப் பட்டத்தில் விதைத்தது புரட்டாசி, ஐப்பசியிலும், மார்கழிப் பட்டத்தில் இறவையில் போட்டது பங்குனி, சித்திரையிலும் அறுவடைக்கு வரும்போது, பறித்த ஈரத்தோடு பச்சைக் கடலை சந்தைக்கு வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் அதை ஓட்டோடு கழுவி, சிறிது உப்பிட்டு, குக்கரில் அவித்து, ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு உட்காருவதே போதும். மற்ற மாதங்களில் காய்ந்த கடலையை இரவே ஊறவைத்து மறுநாள் அவிக்கலாம். சுவை சற்றுக் குறையும், பயன் குறையாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பை நன்றாகக் குறைத்துக்கொள்வது நல்லது. நவராத்திரிச் சுண்டல் போல உரித்த பருப்பைத் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் அதன் கலோரி வேறு கணக்குக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 100 கிராம் தேங்காய்ப்பூ 350 கலோரி.

அவிக்க நேரமில்லாத நாட்களுக்கு அடுத்த தேர்வு, மணலில் ஓட்டோடு வறுத்த கடலை. தோலோடு தின்பது நல்லது. எண்ணெயில் பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட கடலை இந்தக் கணக்கில் சேராது. கடலை மாவைப் பூசிப் பொரித்த மசாலாக் கடலை அறவே சேராது. கடலை உருண்டையும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் கடைப் பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேலானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. கோவில்பட்டி மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பெருமைக்குரிய பண்டமும்கூட. ஆனால் வெல்லம் சேர்ந்த கடலை, எடையைப் பொறுத்தவரை இனிப்புப் பலகாரத்தின் வரிசையில்தான் நிற்கிறது.

பாதாம், பிஸ்தா, அக்ரூட்

பாதாமைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அதன் விலையைத் தவிர. 100 கிராமுக்கு 21 கிராம் புரதம், 12 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, நல்ல அளவில் வைட்டமின் ஈ. நிலக்கடலையில் புரதம் பாதாமைவிடச் சற்று அதிகம், நார்ச்சத்து சற்றுக் குறைவு. இந்த வேறுபாட்டுக்காகப் பல மடங்கு விலை கொடுப்பது ஒவ்வொரு குடும்பத்தின் விருப்பம்; எடை குறைப்பதற்கு அது தேவையில்லை. ஊறவைத்துத் தோலுரித்துத் தின்னும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊறவைப்பதில் தீங்கில்லை, மெல்ல எளிதாகிறது. தோலை உரித்து எறிவதில்தான் நார்ச்சத்தின் ஒரு பகுதி வீணாகிறது. 28 கிராம் என்பது ஏறத்தாழ 23 பாதாம். எண்ணித் தின்னக்கூடிய பருப்பு என்பதே, அளவு தெரியாமல் தின்றுவிடும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாதாம் தரும் உண்மையான நன்மை.

பிஸ்தாவை ஓட்டோடு வாங்குங்கள். அக்ரூட்டில் தாவர வழி ஒமேகா 3 கொழுப்பு மற்றவற்றைவிட மிக அதிகம், மீன் சாப்பிடாத வீடுகளுக்கு அது ஒரு காரணமாகலாம். நாளுக்கு மூன்று நான்கு பாதிகள் போதும்.

குழம்புக்குள் ஒளிந்திருக்கும் முந்திரி

செட்டிநாட்டுச் சமையலை அறிந்தவர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியும் சிக்கல் இது, ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடப்பவர்கள், அங்கே வறுத்து உடைத்து விற்கும் முந்திரியை வாங்காமல் போவது அரிது. நம் அருகிலேயே விளையும் பருப்பு என்பதால் முந்திரியை வெளிப்பொருளாக நாம் நினைப்பதே இல்லை. ஆனால் எடைக் கணக்கில் மற்றப் பருப்புகளைவிட இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். நார்ச்சத்து 100 கிராமுக்கு 3 கிராம் அளவுதான். மென்மையானது, இனிப்பானது, ஓடின்றியே கைக்கு வருவது, ஆகவே விரைவாகத் தீர்ந்துவிடுவது.

அதைவிட முக்கியமானது, நாம் முந்திரியைத் தின்பதைவிடக் குடிப்பதே அதிகம். வெள்ளைக் குருமாவுக்குத் தேங்காயோடும் கசகசாவோடும் முந்திரியை வெண்ணெய் போல அரைத்து ஊற்றுகிறோம். பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடுகிறோம், பொங்கலிலும் அப்படியே. அம்மியில் அரைத்த அந்த விழுது, தன்மையில் கடைப் பாட்டிலில் இருக்கும் முந்திரிப் பட்டரேதான். அறைச் சுவர்கள் உடைந்து, முழுக் கலோரியும் உடலில் சேரும் நிலையில் இருக்கிறது. கடலைச் சட்னியும் அப்படித்தான். பட்டர் என்பது நமக்குப் புதிதாக வந்த உணவு என்று எண்ணி அதை மட்டும் சந்தேகித்துவிட்டு, காலையில் மூன்று கரண்டி கடலைச் சட்னியும் மதியம் இரண்டு கரண்டி குருமாவும் கணக்கில் வராமல் போவது நம் வீடுகளில் இயல்பாக நடக்கிறது. 15 முந்திரியில் 120 கலோரிக்குக் குறையாது. நான்கு பேர் பங்கிட்டாலும் அதனுடன் அரை மூடித் தேங்காயும் தாளித்த எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன.

இதற்காகக் குருமாவை விட்டுவிட வேண்டியதில்லை. முந்திரியில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டுக்கடலையை அரைத்துப் போட்டால் குழம்பின் கெட்டித்தன்மை குறையாது. பொட்டுக்கடலை பெயரில்தான் கடலை. உண்மையில் அது வறுத்த கொண்டைக்கடலை, கொழுப்பு 100 கிராமுக்கு 5, 6 கிராம் மட்டுமே. பல வீடுகளில் ஏற்கெனவே செய்யும் முறைதான் இது. குருமா உள்ள நாளில் இடைப்பலகாரத்துக்கு முந்திரியோ பாதாமோ வேண்டாம், ஒரு கொய்யாப்பழம் போதும் என்று வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

பீனட் பட்டருக்கு உரிய இடம்

பீனட் பட்டரைக் கெட்ட உணவென்று நான் சொல்லவில்லை. பருமனான, நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த பெண்களிடம் பிரேசிலில் நடத்திய சிறிய ஆய்வு ஒன்றில், காலை உணவோடு பீனட் பட்டர் சேர்த்துக்கொண்டவர்களுக்குப் பசியை அடக்கும் ஹார்மோன் ஒன்று கூடுதலாகச் சுரந்ததாகக் கண்டார்கள். இட்லிக்கு மாவில்லாத நாளில், அவசரமாகப் பள்ளிக்கோ வேலைக்கோ புறப்படும் ஒருவர், ஜாம் தடவிய ரொட்டிக்குப் பதிலாகப் பீனட் பட்டர் தடவிய கோதுமை ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டுப் போவது நிச்சயம் நல்ல மாற்றம்.

என் கவலை இரண்டு. முதலாவது அளவு. பாட்டிலில் எழுதியிருக்கும் ஒரு பரிமாறல் பெரும்பாலும் 32 கிராம், அதாவது தலை தட்டிய இரண்டு மேசைக்கரண்டி. அதில் 190 கலோரி, 16 கிராம் கொழுப்பு, 7 கிராம் புரதம். நம் வீட்டுக் குழம்புக் கரண்டியில் குவித்து எடுத்தால் ஒரே கரண்டியில் அந்த அளவைத் தாண்டிவிடும். இரண்டாவது, அதைப் புரத உணவென்று நம்பி உடற்பயிற்சி செய்யும் பிள்ளைகள் தின்பது. ஒரு முட்டை 75 கலோரிக்குள் 6 கிராம் புரதம் தருகிறது. அவித்த கொண்டைக்கடலை 100 கிராம், 165 கலோரியில் 9 கிராம் தருகிறது. 190 கலோரி செலவழித்து 7 கிராம் வாங்குவது, தசை வளர்க்க விரும்பி எடை கூட்ட முயலும் மெலிந்த இளைஞனுக்குப் பொருந்தும். தொப்பையைக் குறைக்க விரும்புபவருக்குப் பொருந்தாது. ஒரே வீட்டில் அண்ணன் ஒல்லியாகவும் தம்பி பருமனாகவும் இருந்தால், ஒரே பாட்டில் இருவருக்கும் ஏற்றதாக இருக்க முடியாது.

வாங்குவதென்று முடிவெடுத்தால் பாட்டிலின் பின்புறத்தில் உள்ள பொருட்பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகம் உள்ளது முதலில் எழுதப்பட்டிருக்கும். கடலை மட்டும், அல்லது கடலையும் உப்பும் என்றிருப்பது சிறந்தது. சர்க்கரை இரண்டாவதாக வந்தால் திருப்பி வைத்துவிடலாம். எண்ணெய் மேலே பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. பிரியாமல் இருக்கவே சில நிறுவனங்கள் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பைச் சேர்க்கின்றன. பீனட் பட்டர் என்று பெயர் வைக்க வேண்டுமானால் குறைந்தது 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இங்கே வாங்கும்போதும் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சாக்லேட் சேர்த்த ஸ்ப்ரெட்களில் பெரும்பகுதி சர்க்கரையும் பாமாயிலும்தான், அவற்றை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க நான் விரும்பவில்லை. வறுத்த கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால், முதலில் பொடியாகி, பிறகு தன் எண்ணெயிலேயே குழைந்து பட்டராகிவிடும். வேறெதுவும் சேர்க்க வேண்டியதில்லை. சிறிய பாட்டிலில் எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

முழுக் கடலைக்குச் சாதகமாக இன்னொரு காரணமும் உண்டு. ஈரத்தில் சேமித்த கடலையில் வளரும் பூஞ்சணம் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் இறந்தபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நச்சைக் கண்டறிந்தார்கள். வறுத்தாலும் அவித்தாலும் அது முற்றிலும் போவதில்லை. நாட்பட நாட்பட ஈரலைத் தாக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஆகிய பருப்புகளைத் துப்பிவிட முழுக் கடலையில் வழி இருக்கிறது. அரைத்த விழுதில் அவை கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும். மழைக்காலத்தில் கடலையைச் சாக்கிலேயே விட்டுவிடாமல், நன்றாகக் காயவைத்து இறுக மூடும் டப்பாவில் வைப்பது அவசியம்.

யாருக்கு எது

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. எண்) 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. இந்த எல்லையைத் தாண்டியவர்கள், நாளொன்றுக்கு 30 கிராம் காய்ந்த பருப்பு அல்லது 50 கிராம் அவித்த பருப்பு என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து வேறொன்றை அகற்றிவிட வேண்டும். அகற்றாமல் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் அளவீடு இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வில், வழக்கமான உணவோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரிக்குக் கடலையைச் சேர்த்துத் தின்றவர்களுக்கு எட்டு வாரத்தில் 3.6 கிலோ கூடியிருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. கூடியது 1 கிலோ. கடலை தின்றவர்கள் தம்மை அறியாமலே மற்றதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனாலும் எடை கூடியது, குறையவில்லை.

நாற்பதைக் கடந்து, வீட்டிலேயே இருந்து, நான்கு மணிக்குப் பசிக்கும் ஆச்சிகளுக்கு அவித்த கடலையைத்தான் சொல்வேன். கடையிலோ அலுவலகத்திலோ இருப்பவர்கள், எண்ணிப் பொட்டலம் கட்டிய பாதாமையோ ஓட்டோடு வறுத்த கடலையையோ எடுத்துச் செல்லலாம். மேசை மேல் திறந்த டப்பாவாக வைத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாமும் முந்திரியும் கல் உருவாகக் காரணமாகக்கூடிய ஆக்ஸலேட் மிகுந்தவை என்பதை மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்க வேண்டும். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கையில் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ரொட்டியில் மெல்லியதாகத் தடவிய பட்டரே அவர்களுக்குப் பாதுகாப்பு.

பல் இல்லாத ஐயாக்களுக்கும் அப்பத்தாக்களுக்கும் முழுப் பருப்பைப் பரிந்துரைப்பதில் பொருள் இல்லை. அவர்களுக்குக் கடலையைக் குழைய அவித்து மசித்துக் கொடுக்கலாம், அல்லது உப்பும் சர்க்கரையும் இல்லாத வீட்டுப் பீனட் பட்டரில் ஒரு மேசைக்கரண்டியை மோர்க்கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். அது 95 கலோரி. காலைச் சட்னியில் அன்று கடலை அரைபட்டிருந்தால் அந்தக் கரண்டியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.